உங்க ஙயேல எத்தனை வருஷம்?

தாத்தா காரியம் முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் ரங்கூன்ல எங்க தெருமுனை டீக்கடைல குட்டை ஸ்டூலப் போட்டு உக்காந்திருந்தோம். பெரியப்பா பெரியம்மா வீட்டு வழியா ஆர்.சி. (கத்தோலிக்கர்), சித்தப்பா பெந்தெகொஸ்தே, அத்தை மகன் அட்வென்டிஸ்ட் ஆகி சனிக்கிழமை சபைக்குப் போறவன். தாத்தா மட்டும் கடைசி வரைக்கும் வருஷா வருஷம் தீ மிதிச்ச மனுஷன். பேச்சு எங்க போகும்னு சொல்லணுமா, நரகத்துக்குத்தான் போச்சு. கூட இருந்த பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்கா ஓசி கிரீன் டீய ஊத்திக்கிட்டே கேட்டாங்க, "உங்க ஙயேல எத்தனை வருஷம்?"

ஙயேன்னா பர்மிய மொழில நரகம், கிண்டல் இல்ல அது. பௌத்தத்துலயும் நரகம் உண்டு, அடி ஆழத்துல இருக்கிற அவீசி நரகம் வரைக்கும் அடுக்கடுக்கா உண்டு, காலமும் எண்ணி மாளாது, ஆனா கர்மம் தீந்தா வெளிய வந்துரலாம். 1813ல ரங்கூன் வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் பைபிளை பர்மிய மொழில பெயர்த்தப்போ நரகத்துக்கு இதே ஙயேங்கிற சொல்லத்தான் போட்டாரு, அதனால கெடு எவ்வளவுன்னு இந்த ஊர்ல கேக்கத்தான் செய்வாங்க.

சித்தப்பா, "கெடுவே கிடையாது"ன்னாரு. அவருக்கு மத்தேயு 25:46 போதும், நித்திய ஆக்கினை, நித்திய ஜீவன், ரெண்டுக்கும் ஒரே சொல்லு, ஒண்ணு முடியும்னா இன்னொண்ணும் முடியணும்ல. ஆதிச் சபை ஆசிரியர் அகஸ்தீன் காலத்து வாதம், இன்னைக்கும் அசைக்கிறது கஷ்டம். நரகம் எதுக்குன்னா நீதிக்கு, குத்தம் செஞ்சது எல்லையில்லாத தேவனுக்கு எதிரா, அதனால தண்டனைக்கும் எல்லையில்ல. இரட்சிப்புன்னா அதுல இருந்து தப்பிக்கிறது, அதான் வழில பாக்குறவங்களை எல்லாம் "இரட்சிக்கப்பட்டீங்களா?"ன்னு கேக்குறாரு. எனக்கு இடிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. திருத்தாத, முடியாத தண்டனையால யாருக்கு என்ன ஆகுது? அப்புறம் அவரு எப்பவும் எடுத்து விடுற ஐசுவரியவான், லாசரு கதை. போன்ல லூக்கா 16:23 திறந்து காட்டினேன், நம்ம தமிழ் பைபிள்ல அவன் இருக்கிறது "பாதாளத்திலே", நரகத்துல இல்ல. கிரேக்க மூலத்துல ஹேடீஸ், செத்தவங்க இருக்கிற இடம். இயேசு நரகம்னு சொல்றப்போ வர்ற சொல்லு கெஹென்னா, எருசலேமுக்குத் தெக்க இருக்கிற இன்னோம் பள்ளத்தாக்கு, பிள்ளைகளை நெருப்புல பலி குடுத்த இடம்னு எரேமியா திட்டுறாரே அது. சித்தப்பா போனை வாங்கிப் பாத்துட்டு குப்புறக் கவுத்து வெச்சுட்டாரு.

அத்தை மகன் சொல்றது வேற, நரகம் சுடும், அப்புறம் ஒண்ணுமே மிஞ்சாது. பாவத்தின் சம்பளம் மரணம்னுதான் இருக்கு, சித்திரவதைன்னு இல்ல. ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்துல "அழிக்க" வல்லவர்னு மத்தேயு 10:28. சாகாம இருக்கிறது மனுஷனோட சொத்து இல்ல, கிறிஸ்து குடுக்கிறது, அதுதான் இரட்சிப்பே. யூதா நிருபத்துல சோதோம் "நித்திய அக்கினி"ல எரிஞ்சதா இருக்கு, இன்னும் எரியுதா என்ன? 1988ல இங்கிலாந்து போதகர் ஜான் ஸ்டாட் மாதிரி பெரிய ஆளே இந்தப் பக்கம் சாய்ஞ்சாரு. வசனத்த நேரா படிச்சா இதுதான் பொருந்துதுன்னு என் கணக்கு, ஆனா வெளிப்படுத்தல் 20:10, "இரவும் பகலும் சதாகாலங்களிலும்" வாதிக்கப்படுவாங்கன்னு வர்றது, தொண்டைல முள்ளா நிக்குது. அக்கா கேட்டாங்க, "திரும்பப் பொறக்காம இருக்கத்தானே நாங்க இவ்வளவு பாடுபடுறோம், இது உங்களுக்கு தண்டனையா?" அத்தை மகன் ஈ ஜா குவேய (எண்ணெய்ல பொரிச்ச நீள மாவுப் பலகாரம்) டீல தோய்ச்சது தோய்ச்சபடி நின்னுட்டான்.

பெரியப்பா கணக்குல நரகத்துக்கு முடிவில்ல, அதுல அவரும் சித்தப்பாவும் ஒண்ணுதான், வித்தியாசம் உத்தரிக்கிற ஸ்தலம். நிறைய பேரு அதை ரெண்டாவது சான்ஸ்னு நினைக்கிறாங்க, இல்ல, ஏற்கனவே மீட்கப்பட்டவங்க கழுவப்படுற இடம் அது. 1563ல கத்தோலிக்கரோட திரெந்து பொதுச்சங்கமும் அதை உறுதி பண்ணிச்சு. ஆதாரம் 2 மக்கபேயர் 12, செத்தவங்களுக்காக வேண்டினதா வர்ற இடம், சித்தப்பா கைல இருக்கிற பைபிள்ல அந்தப் புத்தகமே கிடையாது, அப்புறம் எங்க ஒத்துப் போறது. செத்தவங்களுக்காக வேண்டலாம்ங்கிறது மட்டும் அக்காவுக்கு சட்டுனு புரிஞ்சுது, "நாங்க புண்ணியத்த பங்கு வைக்கிற மாதிரி"ன்னாங்க.

நாலாவது ஒண்ணு இருக்கு, எங்க டேபிள்ல ஆளில்ல. கடைசில எல்லாரும் மீட்கப்படுவாங்க, நெருப்பு மருந்து, தண்டனை இல்ல. இப்படிச் சொன்ன ஆதிச் சபை ஆசிரியருங்க 3ஆம் நூற்றாண்டு ஓரிஜன், அடுத்த நூற்றாண்டு நிசாவின் கிரகோரி. 553ல கான்ஸ்டான்டிநோபிள்ல கூடின திருச்சபைப் பொதுச்சங்கத்தோட ஒட்டி ஓரிஜன் பக்கத்த கண்டிச்சாங்க, கிரகோரிய மட்டும் புனிதராவே வெச்சுக்கிட்டாங்க, இது எப்படின்னு எனக்கு இன்னும் சிரிப்பு வரும். "கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள்"னு பவுல் எழுதினது இவங்களுக்குத் துணை. வேண்டாம்னு கடைசி வரைக்கும் சொல்றவனை என்ன பண்றதுன்னு கேட்டா, கடைசி வரைக்கும் ஒருத்தன் சொல்ல மாட்டான்னு நம்புறாங்க, அது நம்பிக்கை, வசனம் இல்ல. ஆசை எனக்கும் இதுதான்.

கிளம்புறப்போ அக்கா சித்தப்பாவையே பாத்து, "சரி, உங்க அப்பா இப்ப எங்க?"ன்னாங்க. அவரோட கொள்கைப்படி அதுக்கு ஒரே பதில்தான். அவரு கொஞ்ச நேரம் டீ கிளாஸையே பாத்துட்டு "அது ஆண்டவர் கையில"ன்னாரு, பெரியப்பா ஒண்ணும் பேசாம எல்லாருக்கும் இன்னொரு டீ சொன்னாரு.