குமிழா, பிஐடியா?

பியர் காய்ச்சும் பானையின் சூட்டைக் குமிழைத் திருகிக் கட்டுப்படுத்துவதா, பிஐடியால் (சூட்டை அளந்து தானே கட்டுப்படுத்தும் கருவி) கட்டுப்படுத்துவதா? பானைக்கு 3000 வோட் ஹீற்றர் போட்டால் 230 வோல்ற்றில் 13 அம்பியர் இழுக்கும். (இலங்கையில் மதுவரி உரிமம் இல்லாமல் பியர் காய்ச்ச ஏலாது, அது வேறு கதை.)

குமிழ் வைத்த றெகுலேற்றர் மலிவு. ஆனால் அது சக்தியைத்தான் குறைக்கும், சூடு எவ்வளவென்று அதற்குத் தெரியாது. மோல்ற் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஊறும் ஒரு மணிநேரமும் சூடு 66 பாகை செல்சியஸில் நிற்க வேண்டும். திருகோணமலை உப்புவெளிக் கடற்காற்று பானையில் அடிக்க அடிக்கக் குமிழைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 70ஐத் தாண்டினால் மாச்சத்தைச் சீனியாக்கும் பீட்டா அமைலேஸ் நொதி சீக்கிரம் செத்துவிடும். பியரில் இனிப்புத் தங்கும்.

பிஐடியும் எஸ்எஸ்ஆரும் (பிஐடி சொல்கிறபடி கறண்டைப் போட்டு நிறுத்தும் மின்னணுச் சுவிட்ச்) இருந்தால் அந்தப் பாடு இல்லை. உணரியைப் பார்த்து விட்டுவிட்டுக் கறண்ட் கொடுக்கும். என் தெரிவு அதுதான். கொதிநிலையில் மட்டும் குமிழே சுகம்: சூடு 100ஐ ஒட்டி நின்றுவிடும், பிஐடியிலும் சதவீதத்தைக் கையால்தான் வைக்க வேண்டும்.

13 அம்பியரில் எஸ்எஸ்ஆர் ஏறத்தாழ 15 வோட் சூட்டைக் கக்கும். பழுதானால் பெரும்பாலும் ஓனிலேயே நின்றுவிடும், பிஐடி சொன்னாலும் கேளாது. ஆகவே தனி மெயின் சுவிட்ச், ட்ரிப் சுவிட்ச் இரண்டும் வேண்டும். திருகோணமலை உப்புக்காற்றில் செப்பு முனைகள் பச்சை பிடிக்கும். இவற்றை வைக்கும் பெட்டியை இறுக மூடி, ஹீற்சிங்கை (எஸ்எஸ்ஆரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) மட்டும் வெளியே விடுங்கள்.