டோட்டா 2 லோ பிரயாரிட்டி: பல வருடம் ஆடியவனின் கொஞ்சம் கோபமான அனுபவம்

ஃபைபர் லைன் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. டோட்டா 2 என்ற இணைய விளையாட்டில் ஒழுங்கு மீறியவர்களைத் தனியாக ஒதுக்கி ஆடவைக்கும் லோ பிரயாரிட்டியும் முடிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன், ஆறிவிட்டால் இதற்கும் நாலு நட்சத்திரம் போட்டுவிடுவேன். விளையாட்டு எப்படி, ஹீரோக்கள் எத்தனை, என்ன கணினி வேண்டும் என்பதெல்லாம் இங்கே கிடையாது. இதில் கிடைக்கும் தண்டனைகளைப் பற்றி மட்டும்தான் எழுதப்போகிறேன். அதற்கே பக்கம் போதாது.

எங்கள் தெருவுக்கு லைன் தரும் நிறுவனம் ஒயரை கம்பத்துக்குக் கம்பம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் மோடத்தில் எல்ஓஎஸ் (சிக்னல் இல்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக மினுக்க ஆரம்பிக்கும். மினுக்க ஆரம்பித்துவிட்டால் அணைத்துப் போடுவதெல்லாம் வீண், எங்கேயோ ஒயர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, மடிக்கணினியை அதில் இணைத்து, ரீகனெக்ட் பட்டனை அழுத்தவேண்டும். என் அறையில் போன் சிக்னல் ஒரு கோடுதான். மொட்டைமாடிப் படி வரைக்கும் கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் இரண்டு கோடு. இவ்வளவும் 5 நிமிடத்துக்குள் நடக்கவேண்டும். தாண்டினால் ஆட்டத்தைப் பாதியில் விட்டவன் என்று பதிவாகிவிடும், ரேங்க்டு (தரவரிசைக்கான) மேட்ச் என்றால் எம்எம்ஆர் என்ற திறமைப் புள்ளியும் போகும். எப்போதாவது ஒருமுறை என்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இந்த மழைக்காலம் மாதிரித் திரும்பத் திரும்ப நடந்தால் லோ பிரயாரிட்டி.

இதுவரை எனக்குப் புகார் இல்லை. நிஜமாகவே இல்லை. ஒயர் அறுந்ததா, தோற்கிற கடுப்பில் நானே பிடுங்கினேனா என்பது அங்கே இருக்கும் சர்வருக்கு எப்படித் தெரியும்? அதன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 'கரண்ட் போச்சு' என்ற சாக்கை ஏற்றுக்கொண்டால் மறுநாளே உலகம் முழுக்கக் கரண்ட் போகும். நான் போனதும் என் அணியின் மற்ற நாலு பேர் முக்கால் மணி நேரம் ஆள் குறைவாக ஆடி அடிவாங்குகிறார்கள். அவர்களுக்கு என் தெருக் கம்பத்தைப் பற்றி என்ன கவலை?

எரிச்சல் இதற்கு அடுத்த படியில்தான் வருகிறது. லோ பிரயாரிட்டியில் சிங்கிள் டிராஃப்ட் மட்டும்தான், கொடுக்கிற சில ஹீரோக்களில் ஒன்றை எடுக்கவேண்டும். சரி, போகட்டும். ஆனால் வெளியே வர, ஆடினால் போதாது, ஜெயிக்கவேண்டும். அதிகபட்சம் 5 வெற்றி வரை கேட்கும். முன்பெல்லாம் ஒழுங்காக ஆடி முடித்தாலே கணக்கில் சேரும், பிறகுதான் வெற்றி என்று மாற்றினார்கள். கூட ஆடப்போகிறவர்கள் யார்? வேண்டுமென்றே செத்துச் செத்து எதிரியை வளர்த்துவிட்டவர்கள், கோபித்துக்கொண்டு பாதியில் போனவர்கள். அவர்களை வைத்துத்தான் ஜெயிக்கவேண்டும்.

ஒரு மேட்சில் எங்கள் அணிக்காரர் ஒருவர் கிரிஸ்டல் மெய்டன் என்ற ஹீரோவை எடுத்துக்கொண்டு ஃபவுண்டனிலேயே, அதாவது அணி கிளம்பும் இடத்திலேயே, நின்றுவிட்டார். 5 நிமிடம் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) எதுவும் வாங்காமல் நின்றால் ஏஎஃப்கே, அதாவது ஆள் இல்லை, என்று சிஸ்டம் பிடிக்கும். அது அவருக்கும் தெரியும். ஆகவே நாலாவது நிமிடம் நிதானமாகச் சண்டை நடக்கும் லேனுக்கு நடந்துவருவார். பக்கத்தில் ஒரு கிரீப் (கணினியே நடத்தும் சிப்பாய்) சாகும்வரை நிற்பார். எக்ஸ்பி ஏறியதும் வந்த வழியே திரும்பிப் போய் மறுபடி நின்றுகொள்வார். ஆபீசில் விரல்ரேகை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போகிற ஆள் மாதிரி, அலுக்காமல் கடைசிவரை இதையே செய்தார். சிஸ்டத்தின் கணக்கில் அவர் அந்த ஆட்டம் முழுக்க ஆஜர். மொட்டைமாடிப் படியில் கணினியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நான் ஓடிப்போனவன்.

அவரை ரிப்போர்ட் செய்யலாம்தானே என்பீர்கள். செய்தேன். என்ன தண்டனை கிடைக்கும்? லோ பிரயாரிட்டி. அங்கேதானே இருக்கிறார்!

டோட்டாவை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் இன்னொரு விளையாட்டான கவுண்டர் ஸ்ட்ரைக்கைப் பாருங்கள். அங்கே பாதியில் போனால் முதல்முறை 30 நிமிடம் ஆடமுடியாது. அடுத்து 2 மணி நேரம், அப்புறம் 24 மணி நேரம், அதற்கும் மேலே 7 நாள். கறாரான தண்டனைதான், ஆனால் தனியாக அனுபவிக்கிற தண்டனை. சாப்பிட்டுவிட்டு, துணி காயப்போட்டுவிட்டு வந்தால் முடிந்திருக்கும். டோட்டாவில் அப்படியில்லை, தண்டனையை உட்கார்ந்து ஆடித் தீர்க்கவேண்டும். ஒழுங்காக ஆடினவனா என்று பார்க்க பிஹேவியர் ஸ்கோர் என்று ஒன்றை 12,000 வரை வைத்திருக்கிறார்களே, ரிப்போர்ட் வாங்காமல் ஆடி முடித்த மேட்சை மட்டும் எண்ணினால் என்ன குறைந்துபோகும்?

இப்படித் திட்டிக்கொண்டே போகலாம். ஆனால் ஏமாற்றுக்காரர்கள் விஷயத்தில் வால்வைக் குறை சொல்ல மனசு வரவில்லை. 2023 பிப்ரவரியில் அவர்கள் வைத்த பொறி எனக்கு இன்னும் பிடிக்கும். சாதாரணமாக ஆடுகிற யாருடைய கணினியும் ஒருபோதும் படிக்காத ஓர் இடத்தை விளையாட்டின் நிரலுக்குள் ஒளித்துவைத்தார்கள். ஏமாற்று நிரல் போட்டவன் மட்டுமே அதைத் தொடுவான். தொட்டவர்களின் கணக்கு 40,000-க்கு மேல் ஒரேயடியாகப் போனது. அப்பாவி ஒருவன் தவறிப்போய் மாட்டிக்கொள்ள வழியே இல்லாத பொறி அது. அதே வருடம் செப்டம்பரில் 90,000 ஸ்மர்ஃப் கணக்குகள் (தேர்ந்தவர்கள் புதியவர்போல ஆடத் திறக்கும் இரண்டாவது கணக்குகள்) போயின. டிசம்பரில் பண்டிகைப் பரிசு என்று பெட்டி வந்து, ஆசையாகத் திறந்தவர்களில் சிலருக்கு உள்ளே கரிக்கட்டியும் தடை உத்தரவும் இருந்தன. 2019-இல் சிலருக்கு 2038 ஜனவரி 19 வரை தடை போட்டார்கள். பழைய 32 பிட் கணினிக் கடிகாரம் அந்த நாளோடு தீர்ந்துவிடும், அதற்குமேல் தேதி போட வழியில்லை. தண்டிப்பதிலும் ஒரு குசும்பு.

தவறாகத் தண்டித்தபோது பின்வாங்கியும் இருக்கிறார்கள். 2010-இல் மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய சுமார் 12,000 பேரை வால்வின் ஏமாற்றுத் தடுப்புச் சிஸ்டம் தப்பாகப் பிடித்தது. தடையை நீக்கி, மன்னிப்பும் கேட்டு, ஆளுக்கு லெஃப்ட் ஃபோர் டெட் 2 இலவசமாகக் கொடுத்தார்கள், நண்பருக்குக் கொடுக்க இன்னொரு பிரதியும் சேர்த்து. 2023 அக்டோபரில் கிராஃபிக்ஸ் சிப் நிறுவனமான ஏஎம்டியின், தாமதத்தைக் குறைக்கும் ஆன்டி-லேக் பிளஸ் வசதியைப் போட்டுக்கொண்டு கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆடியவர்கள் மாட்டினார்கள். அந்த டிரைவர் விளையாட்டுக் கோப்புக்குள் கைவைத்ததுதான் காரணம் என்று தெரிந்ததும் ஏஎம்டி அதைத் திரும்பப் பெற்றது, தடைகளும் நீங்கின.

எனக்கே எதிர்பாராமல் பிடித்துப்போனது ஓவர்வாட்ச். அதே பெயரில் இருக்கும் வேறு விளையாட்டைச் சொல்லவில்லை, 2021-இல் டோட்டாவுக்குள் வந்த விசாரணை முறையைச் சொல்கிறேன். முன்பின் தெரியாதவர்களின் மேட்சிலிருந்து ரிப்போர்ட் ஆன சில நிமிடங்களைக் காட்டும். பார்த்துவிட்டுக் குற்றவாளி, குற்றமில்லை, ஆதாரம் போதாது என்று மூன்றில் ஒன்றைச் சொல்லவேண்டும். ராத்திரி ஆடத் தெம்பில்லாதபோது இதைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். வருகிற வழக்குகளில் நிறைய, பாவம், சும்மா மோசமாக ஆடியவர்கள். திறமை இல்லாததற்கெல்லாம் ரிப்போர்ட் அடிக்கிற ஆட்கள் நம்மில் இவ்வளவு பேரா என்று ஆச்சரியமாக இருக்கும். மனுஷக் கண் ஒன்று பார்த்து 'ஆதாரம் போதாது' என்று சொல்ல இடம் வைத்திருக்கிறார்களே, அந்த மூன்றாவது பட்டனுக்காகவே பாராட்டலாம்.

லோ பிரயாரிட்டியிலும் நல்ல ஆட்டம் அமைந்ததைச் சொல்லாமல் விட்டால் பாவம். கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரர் எடுத்த எடுப்பிலேயே 'பிரவுன்அவுட்' என்று டைப் செய்தார். அவர் ஊரிலும் கரண்ட் பிரச்சினை. இன்னொருவர் ஹாஸ்டல் வைஃபை என்றார். யாரும் யாரையும் திட்டவில்லை. கேட்காமலேயே ஒருவர் எதிரி நடமாட்டத்தைக் காட்டும் வார்டு வாங்கி வைத்தார். நடுவில் எனக்கு லைன் திக்கியபோது நிறுத்திவைத்துக் காத்திருந்தார்கள், எதிரணிக்காரர்களும் சத்தம் போடவில்லை. ரேங்க்டில் மாதக்கணக்கில் இப்படி ஓர் அணி எனக்கு வாய்க்கவில்லை.

சித்தி பையன் புதுக் கணினி வாங்கிவிட்டு, "அண்ணா, டோட்டா ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏமாற்றுக்காரனை இவ்வளவு அழகாகப் பிடிக்கிற வேறு விளையாட்டு எனக்குத் தெரியாது என்பதும் உண்மை, இவன் வீட்டுக்கு வருவதும் அதே கம்பத்து ஒயர் என்பதும் உண்மை. தண்டனை முறைக்கு ஐந்துக்கு இரண்டு. இதே கணக்கை அடுத்த மாதம் போடச் சொன்னால் மூன்றரை போடுவேனோ என்னவோ, இன்றைக்கு இரண்டுதான்.

மீறி ஆரம்பிக்கிறவர்கள் கேமிங் மவுஸ் வாங்குவதற்கு முன் ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கிவிடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் ரவுட்டர் செருகியிருக்கும் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. வாங்கும்போது உங்கள் ரவுட்டர் 12 வோல்ட்டா, பின் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் அது காப்பாற்றும். ஒயர் அறுந்தால் அதுவும் கைவிரித்துவிடும், அன்றைக்கு ரேங்க்டு பக்கம் போகவே போகாதீர்கள்.