முகூர்த்தம் 4.30, கார்டில் 10.00: கேலண்டர் ஆட்டோமேஷன் செய்துதருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்

மதுரையில் கல்யாண போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நான், என் தம்பி, நிரந்தரமாக நான்கு பையன்கள். முகூர்த்த நாட்களில் வெளியிலிருந்தும் கேமராமேன்கள் வருவார்கள். கல்யாணத் தேதிகளைக் கூகுள் கேலண்டரில் போட்டு வைப்போம். யார் எந்த மண்டபத்துக்குப் போவது, எடிட்டிங் முடிந்ததா, ஆல்பம் பிரிண்டுக்குப் போய்விட்டதா என்பதெல்லாம் ட்ரெல்லோ என்ற, வேலைகளைக் கார்டு கார்டாகப் பிரித்து வைக்கும் ஆப்பின் கார்டுகளில் இருக்கும். இரண்டிலும் தனித்தனியாகப் போடுவது பெரிய வேலை. வைகாசி, ஆவணி மாதிரி மாதங்களில் ஒன்றில் போட்டு மற்றொன்றில் விட்டுவிடுவோம்.

இதைத் தானாக நடக்க வைக்கலாம் என்று தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்தார். பெயர் போடப்போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். "எங்க சொந்த சாஃப்ட்வேர் சார், கேலண்டர்ல போட்டா கார்டு வந்துடும், கார்டுல மாத்தினா கேலண்டர் மாறிடும்" என்றார். அமைக்க ₹18,000, பராமரிப்புக்கு மாதம் ₹1,500. தை மாதம் கடைக்கே வந்து அமைத்தார். அவருடைய லேப்டாப்பில் எங்கள் கூகுள் கணக்கைத் திறந்து, போனுக்கு வந்த ஓடிபியையும் நானே சொன்னேன். அனுமதி கேட்டு ஒரு திரை வந்தது. எல்லா கேலண்டர்களையும் பார்க்கவும், திருத்தவும், பகிரவும், நிரந்தரமாக நீக்கவும் அனுமதி என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டோம்.

மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது. வைகாசியில் ஒரு நாள் காலையில் போனைத் திறந்தால் ட்ரெல்லோ அறிவிப்புகள் குவிந்து கிடந்தன. ஒரே கல்யாணத்தின் கார்டு. உள்ளே போய்ப் பார்த்தால், தேதி மாற்றப்பட்டது, தேதி மாற்றப்பட்டது என்று ஒரே வரி கீழே போய்க்கொண்டே இருந்தது. இரவு முழுக்க நடந்திருக்கிறது. மாறிய தேதியும் பழைய தேதியும் ஒன்றேதான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. கேலண்டர் மாறினால் கார்டைத் திருத்து என்று ஒரு கட்டளை, கார்டு மாறினால் கேலண்டரைத் திருத்து என்று இன்னொரு கட்டளை. இந்த மாற்றம் மனிதர் செய்ததா, இந்த அமைப்பே செய்ததா என்று பார்க்கும் தடுப்பு நடுவில் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கிளப்பிவிட்டுக்கொண்டே இருக்கும். இருவழி இணைப்பு செய்கிறவர் முதலில் யோசிக்க வேண்டியதே இதைத்தான். அவரோ போன் செய்து, "உங்க பயன்பாடு அதிகமாயிடுச்சு, லிமிட் தாண்டிடுச்சு, ₹3,200 கட்டணும்" என்றார். அவர் தப்புக்கு நான் பணம் கட்டினேன்.

அதை விடுங்கள். ஆவணியில் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

திருப்பரங்குன்றம் கோயிலில் கல்யாணம், முகூர்த்தம் காலை 4.30 முதல் 6.00. வரவேற்பு அன்று மாலைதான், அதனால் முதல் நாள் இரவு எங்களுக்கு அங்கே வேலை இல்லை. 4.40க்கு எனக்குப் போன். பெண்ணின் அப்பா. "எங்க தம்பி இருக்கீங்க? பொண்ணும் மாப்பிள்ளையும் உக்காந்தாச்சு. கேமராக்காரங்க யாரையும் காணோமே?" எங்கள் பையனுக்கு அடித்தால் தூக்கக் கலக்கத்தில் எடுக்கிறான். "அண்ணே, கார்டுல பத்து மணின்னுதானே போட்டிருக்கு" என்றான். கேமராவைத் தூக்கிக்கொண்டு நானே வண்டியில் போனேன். நான் உள்ளே நுழையும்போது தாலி கட்டி முடிந்து, பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த அப்பா என்னைத் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெண் மட்டும், "மாங்கல்யதாரணம் யாராவது எடுத்தாங்களாண்ணா?" என்று கேட்டார். அவருடைய சித்தப்பா போனில் எடுத்திருந்த மூன்று படங்கள் கிடைத்தன. ஒன்றில் முன்னால் நின்றவரின் தோள் பாதிப் படத்தை மறைத்திருந்தது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மாலை வரவேற்பைப் பணம் வாங்காமல் எடுத்துக் கொடுத்தோம். அந்த மூன்று படங்களையும் முடிந்தவரை சரிசெய்து ஆல்பத்தில் வைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? தாலியை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாதே.

அன்று மதியம் கேலண்டரையும் கார்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கேலண்டரில் 4.30. கார்டில் 10.00. சரியாக ஐந்தரை மணி நேர வித்தியாசம். உலகப் பொது நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள வித்தியாசமும் அதேதான். 4.30 என்ற எண் மட்டும் போயிருக்கிறது, அது இந்திய நேரம் என்ற தகவல் கூடப் போகவில்லை. அந்த எண்ணைப் பெற்றுக்கொண்ட அமைப்பு அதைப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, நமக்குக் காட்டும்போது ஐந்தரை மணியைக் கூட்டிவிட்டது.

அதுவரை சரியாக இருந்தது திடீரென்று எப்படி மாறியது? கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில், அணுகல் உள்ள வெளி ஆப்களின் பட்டியலைத் திறந்தேன். ஜாப்பியர் இருந்தது. கூடவே மேக் என்று இன்னொன்று. ஒரு ஆப்பில் ஏதாவது நடந்தால் இன்னொரு ஆப்பில் தானாக வேலையைச் செய்துவிடும் இணையச் சேவைகள் இவை. இரண்டாவது இணைக்கப்பட்ட தேதி கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தன் செலவைக் குறைக்க எங்கள் இணைப்பை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியிருக்கிறார். அவருடைய லேப்டாப்பில் எங்கள் கணக்கு தை மாதத்திலிருந்து திறந்தே இருந்திருக்கிறது. இரண்டு நாள் முன்னால் பெண் வீட்டார் கூடுதலாக ஒரு வீடியோகிராஃபர் கேட்டதால் நான் கேலண்டரில் ஒரு வரி சேர்த்தேன். புது அமைப்பு அதைப் பார்த்துக் கார்டைத் திருத்தியது, நேரத்தையும் சேர்த்து. ஒரே ஒரு நிகழ்ச்சி போட்டுச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஜாப்பியரும் மேக்கும் ஒழுங்கான சேவைகள், அவற்றின்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சொந்த சாஃப்ட்வேர் என்று எதுவுமே கிடையாது என்பதுதான் விஷயம். யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கலாம். ஜாப்பியரின் இலவசத் திட்டத்தில் மாதம் 100 டாஸ்க், அதாவது தானாகச் செய்து தரும் நூறு வேலை. கேலண்டரில் புது நிகழ்ச்சி வந்தால் ஒரு கார்டு போடு என்பது ஒரு டாஸ்க்தான். எங்களுக்கு மாதம் 25 கல்யாணம் வந்தாலே அதிகம். இந்த வேலைக்கு ₹18,000, ஏழு மாதப் பராமரிப்பு ₹10,500, அந்த ₹3,200, ஆக மொத்தம் ₹31,700 கொடுத்திருக்கிறோம்.

எல்லாம் அவருடைய கணக்கில் ஓடியதால் எங்கள் கையில் ஒன்றுமே இல்லை. உள்ளே என்ன கட்டளை இருக்கிறது என்று பார்க்கக்கூட முடியாது. கேலண்டரில் நாங்கள் எழுதி வைக்கும் பெண் வீட்டார் போன் நம்பர், முகவரி எல்லாம் ஒவ்வொரு ஓட்டத்தின் பதிவிலும் அவர் கணக்கில் தங்கும். வாடிக்கையாளர்கள் நம்மை நம்பிக் கொடுத்த நம்பர்கள் அவை. எங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு ₹25,000 கேட்டார். மறுத்தேன். அன்று மாலையே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

நீங்களும் இப்படி யாரிடமாவது கொடுத்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கேலண்டருக்குக் கொடுத்த அனுமதி பாஸ்வேர்டு மாறினாலும் செல்லும். கூகுள் கணக்கில் வெளி ஆப்களின் அந்தப் பட்டியலுக்குப் போய் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். அப்புறம் உங்கள் சாதனங்கள் என்ற பகுதியில் அவருடைய லேப்டாப் இருந்தால் வெளியேற்றுங்கள். ட்ரெல்லோ போர்டில் அவர் உறுப்பினராக இருக்கிறாரா என்றும் பாருங்கள். எங்கள் போர்டில் நிர்வாகியாகவே இருந்தார்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசி புகார் பதிவு செய்திருக்கிறேன். வியாபாரத்துக்கு வாங்கிய சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று சிலர் சொல்வார்கள். 2019 சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைக்கிறவர் அதற்காகவே வாங்கிய பொருளுக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் அந்த வரியில் சேவையைப் பற்றிச் சொல்லவில்லை. அதனால் என் விஷயத்தில் அது எடுபடுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பில் தராமல் ஜிபேயில் வாங்கியதால் அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளும் வாட்ஸ்அப் பேச்சும்தான் என்னிடம் உள்ள ஆதாரம்.

இப்போது எங்கள் பெயரிலேயே ஜாப்பியர் கணக்கு. தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அமைத்தான், முதல் வேலையாக நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று வைத்தான். கேலண்டரிலிருந்து கார்டுக்கு ஒரு வழி மட்டும்தான், நேரம் மாறினால் கார்டைக் கையால் திருத்துகிறோம். அமைப்பில் எதையாவது தொட்டால், அதிகாலை 4.30க்குச் சோதனை என்று ஒரு நிகழ்ச்சி போட்டு, கார்டு வந்து அதில் 4.30 என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு பெண் வீட்டாருக்குப் போன் செய்து, எத்தனை மணிக்கு வரணும் என்று வாயால் கேட்டு எழுதிக்கொள்கிறோம்.