மேடை வாசிப்புக்கு கீஸ்கேப்பா, பியானோடெக்கா?

காசு போட்டு ஒரே ஒரு பியானோ பிளகின் (கணினியில் பியானோ ஒலி தரும் மென்பொருள்) வாங்குவதென்றால் பலர் குழம்பி நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இடம்: கீஸ்கேப் நிஜக் கருவிகளைப் பதிவுசெய்த சாம்பிள்கள், முழுசாகப் போட்டால் 77 ஜிபி, லைட் வடிவம் 30 ஜிபி. பியானோடெக் ஒலியைக் கணக்குப் போட்டே உருவாக்குகிறது, சில பத்து எம்பிதான்.

சுமை: கீஸ்கேப் ராமையும் டிஸ்கையும் தின்னும், எஸ்எஸ்டி இல்லாமல் யோசிக்கவே வேண்டாம். பாட்ச் (சேமித்துவைத்த ஒலி அமைப்பு) மாற்றினால் லோடாகும்வரை காத்திருக்க வேண்டும். பாட்டு வரிசைக்குத் தேவையானதை முன்பே ஏற்றிவைப்பதுதான் வழி. பியானோடெக்கில் அந்தக் கவலை இல்லை. ஆனால் அது சிபியூவைப் பிழியும். பஃபரை, அதாவது ஒலியைக் கணினி ஒரு தடவைக்குக் கையாளும் துண்டை, 128 சாம்பிள் (48 கிலோஹெர்ட்ஸில் சுமார் 2.7 மில்லி விநாடி) வைத்து, பெடலை மிதித்தபடி இரண்டு கையாலும் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை) அடுக்கினால் பழைய லேப்டாப்பில் ஒலி படபடவென்று பொரியும். பாலிஃபோனியை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரங்களின் எண்ணிக்கையை) குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒலி: ரோட்ஸ், வுர்லிட்சர் போன்ற எலக்ட்ரிக் பியானோ என்று வந்தால் கீஸ்கேப்தான், பேச்சே இல்லை. பியானோடெக்கின் பியானோ தனியாகக் கேட்டால் சிலருக்குக் கொஞ்சம் பிளாஸ்டிக்காகப் படும். சரி, டிரம்ஸும் பேஸும் சேர்ந்த பிறகு யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? பெடலைப் பாதி மட்டும் மிதிக்கும் அரைப் பெடலுக்குப் பியானோடெக் வளைந்துகொடுக்கும் விதம் தனி சுகம்.

விலை: பியானோடெக்கின் ஸ்டேஜ் பதிப்பு மலிவு, வாங்குமுன் வாசித்துப் பார்க்க டெமோவும் உண்டு.

எலக்ட்ரிக் பியானோ அதிகம் வாசிப்பவர், நல்ல மெஷின் வைத்திருப்பவர் கீஸ்கேப் எடுக்கலாம். சின்ன லேப்டாப், பியானோ மட்டும் போதும் என்றால் பியானோடெக்.