அல் புராக்: மொராக்கோவை அறிமுகம் செய்யும் ரயில்

டாஞ்சியரிலிருந்து காசாபிளாங்காவுக்குச் செல்லும் அல் புராக், 2018 நவம்பரில் தொடங்கப்பட்ட, ஆப்பிரிக்காவின் முதல் அதிவேக ரயில் சேவையாகும். முன்பு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடித்த பயணம் இப்போது 2 மணி 10 நிமிடத்தில் முடிகிறது. மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்திலும் பெட்டி அதிராமல் செல்வது எனக்கு உண்மையான வியப்பைத் தந்தது.

இரண்டடுக்குப் பெட்டியில் மேல் தளத்து இருக்கையையே பரிந்துரைப்பேன். அங்கிருந்துதான் வடமேற்கு மொராக்கோவின் பசுமையான வயல்வெளிகள் விரிந்து தெரிகின்றன. பாலைவனத்தை மட்டுமே எதிர்பார்த்து வருபவர்கள் இந்தக் காட்சியை அவசியம் காண வேண்டும்.

1956-இல் விடுதலை பெறும்வரை பிரான்சும் ஸ்பெயினும் இந்நாட்டைப் பங்கிட்டு ஆண்டன. டாஞ்சியரோ பல நாடுகளின் கூட்டு நிர்வாகத்தில் தனிப் பகுதியாக இருந்தது. அதனால்தான் அந்நகரில் ஸ்பானிய மொழி இன்றும் ஒலிக்கிறது. நாட்டின் ஆட்சிமொழிகள் அரபும், 2011 அரசியலமைப்பு ஏற்றுக்கொண்ட, பெர்பர் எனப்படும் பூர்வகுடி மக்களின் அமாசிக் மொழியும் ஆகும். அமாசிக்கின் திஃபினாக் எழுத்துகளைப் பொது இடங்களில் பார்ப்பது, மொழிப்பற்று உள்ள எவருக்கும் மகிழ்ச்சி தரும்.

குறை ஒன்று உண்டு. வழியிலுள்ள கெனித்ரா நகருக்குத் தெற்கே ரயில் பழைய தடத்தில் ஓடுவதால், தலைநகர் ரபாத் வழியாகக் காசாபிளாங்கா சேரும்வரை வேகம் பாதியாகக் குறைகிறது. தெற்கிலுள்ள மராக்கேஷ் நகர் வரை அதிவேகப் பாதையை நீட்டிக்கும் பணி 2025-இல் தொடங்கியிருக்கிறது. அது முடியும்வரை மராக்கேஷ் செல்பவர்கள் காசாபிளாங்காவில் சாதாரண ரயிலுக்கு மாற வேண்டும்.