இடங்களா, வாக்கு சதவீதமா? தமிழ்நாட்டு முடிவைப் படிக்க எது உதவும்?

2024 மக்களவை முடிவு வந்ததிலிருந்து டீக்கடையில் ஒரே சண்டை. "39-க்கு 39, கதை முடிஞ்சுது" என்கிறார் ஒருவர். "சதவீதத்தைப் பாருங்கண்ணே" என்கிறார் இன்னொருவர்.

புரிந்துகொள்ள எளிது எது?
இடங்கள்: ஒரே பார்வையில் தெரியும். தி.மு.க. கூட்டணிக்கு 39-ம்.
சதவீதம்: கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

ஏமாற்றுவது எது?
இடங்கள்: நன்றாகவே ஏமாற்றும். 2014-இல் அ.தி.மு.க. சுமார் 44 சதவீதத்தில் 37 இடங்களை அள்ளியது. சுமார் 24 சதவீதம் வாங்கிய தி.மு.க.வுக்கு முட்டை. 2024-இல் அதே முட்டை, சுமார் 20 சதவீதம் வாங்கிய அ.தி.மு.க.வுக்கு.
சதவீதம்: இதுவும் யோக்கியமில்லை. 2024-இல் பா.ஜ.க. 11 சதவீதத்தைத் தாண்டியது, காங்கிரஸ் 11-ஐத் தொடவில்லை. ஆனால் காங்கிரஸ் நின்றது 9 தொகுதிகளில், ஒன்பதும் ஜெயம். பா.ஜ.க. நின்றது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எத்தனை தொகுதியில் நின்றார்கள் என்று கேட்காமல் சதவீதம் பேசுபவரை நான் நம்புவதில்லை.

தொகுதி நிலவரம்?
இரண்டுமே கைவிடும். விருதுநகரில் காங்கிரஸ் வென்றது 4,379 வாக்கு வித்தியாசத்தில், திருவள்ளூரில் ஐந்தே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவில். பட்டியலில் இரண்டும் ஒவ்வோர் இடம்தான்.

டெல்லியில் யார் ஆட்சி என்று பார்க்க இடங்கள் போதும். அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்குக் கூட்டணிக் கணக்குப் போடுபவருக்குச் சதவீதம், அதுவும் தொகுதிவாரியாக. உங்கள் தெரு எப்படி வாக்களித்தது என்று அறிய, வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்று காட்டும் தேர்தல் முடிவுத்தாளான படிவம் 20.