டிக்கி ஸ்பிரிங்: தேற்றுவதா, புதிதாகச் சுற்றுவதா, கேஸ் ஸ்ட்ரட்டா?

பழைய காரின் டிக்கி மூடி தூக்கினால் நிற்காமல் இறங்குகிறது என்றால் மூன்று வழி உண்டு. இருக்கிற ஸ்பிரிங்கையே தேற்றிப் போடலாம், அதே அளவில் புதிதாகச் சுற்றிப் போடலாம், அல்லது ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அழுத்திய கேஸால் மூடியைத் தள்ளித் தூக்கும் தண்டான கேஸ் ஸ்ட்ரட்டுக்கு மாறலாம். மதுரைக்காரருக்கு மூன்றுமே ஒத்துவரும். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கடலோரத்தில் வண்டி நிற்கிறது என்றால் என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். இங்கே ஸ்பிரிங்கைத் தீர்மானிப்பது பலமோ விலையோ அல்ல, உப்பு.

முதலில் குற்றவாளி ஸ்பிரிங்தானா என்று பாருங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, மூடியைக் கையால் மேலும் கீழும் ஆட்டினால் கீல் இறுகியிருப்பது உடனே தெரியும். அப்படியானால் துரு இளக்கும் எண்ணெயும் இரண்டு நாள் பொறுமையும் போதும். மூடிக்குத் தடிமனாகப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தாலும், உள்மடிப்பில் தண்ணீர் தேங்கியிருந்தாலும் எடை கூடும். நல்ல ஸ்பிரிங்கும் அதற்குத் தோற்கும்.

சுருள் ஸ்பிரிங் தானாகத் தளர்வது அரிது. மெலிவதுதான் நடக்கிறது. அதன் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 5 மி.மீ. கம்பி துருவில் 4.75 ஆகிவிட்டால் விட்டத்தில் போனது இருபதில் ஒரு பங்குதான், ஆனால் விறைப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதைவிடக் கெட்டது குழித்துரு. ஒவ்வொரு குழியும் விரிசல் தொடங்கும் இடம். பெரும்பாலும் கொக்கி வளைவில்தான் ஒடியும், ஏனென்றால் இழுவிசை அங்கேதான் குவிகிறது.

இந்தத் துரு கண்ணில் படாது என்பதுதான் பலரை ஏமாற்றுகிறது. இழுவை ஸ்பிரிங்கில் டிக்கி திறந்திருக்கும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூடியிருக்கும்போதுதான் விரியும். ஆகவே டிக்கியை மூடிவிட்டு, பின்சீட்டின் சாய்மானத்தைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளிருந்து பாருங்கள். சுற்றுகளுக்கு நடுவே செம்பொடி மட்டும் இருந்தால் தேற்றலாம். நகம் சிக்கும் அளவு குழி இருந்தால் அந்த ஸ்பிரிங்கின் மேல் செலவு செய்யாதீர்கள்.

தேற்றுவது என்றால் கம்பிப் பிரஷ், மண்ணெண்ணெய், கிரீஸ், அவ்வளவுதான். ஆசிடில் ஊறவைக்கக் கூடாது. விறைப்பான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கும் தன்மை வந்துவிடும், ஒருநாள் சொல்லாமல் ஒடியும். துத்தநாக முலாம் பூசினாலும் இதே ஆபத்துதான். பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவில் பல மணி நேரம் சூடேற்றி எடுக்க வசதியுள்ள கடை என்றால் மட்டும் கொடுக்கலாம். ஒரு சுற்றை வெட்டிவிட்டு, கேஸ் வைத்துச் சூடாக்கிப் புதுக் கொக்கி வளைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம், அதாவது அதன் விறைப்பான உறுதி, போய்விடும்.

புதிதாகச் சுற்றக் கொடுக்கும்போது பழைய ஸ்பிரிங்கை மட்டும் நீட்டினால் மெலிந்த அளவிலேயே செய்து தருவார்கள். துருப் பிடிக்காத இடமாகப் பார்த்து, வெர்னியரில் கம்பி விட்டத்தை அளந்து எழுதிக் கொடுங்கள். கூடவே வெளிவிட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, கொக்கிக்குக் கொக்கி உள்நீளம், இரண்டு கொக்கியும் ஒரே தளத்திலா குறுக்காகவா என்பதும் வேண்டும். சுற்றி முடித்ததும் 250 டிகிரி சுமாரில் அரைமணி நேரம் சூடேற்றி இறுக்கம் தணிக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் போட்ட கொஞ்ச காலத்திலேயே நீளம் கூடிவிடும். எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மூடி கோணி, ஓரப் பெயின்ட் உரசிப் பெயரும்.

ஸ்டெயின்லெஸ் கம்பியில் சுற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதே விட்டத்தில் அது பத்து சதவீதத்துக்கு மேல் மென்மையாக இருக்கும், கம்பியைச் சற்றுத் தடிமனாக்க வேண்டும். உப்பு ஈரத்தில் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் சாதா எஃகுக் கீல் சீக்கிரம் அரிக்கவும் கூடும். இந்தக் கரையில் அது நீண்ட காலம் உழைத்துப் பார்த்ததில்லை என்பதால் நான் அழுத்திச் சொல்லமாட்டேன்.

மாட்டும்போது மூடியை முழுக்கத் திறந்து கட்டையால் முட்டுக் கொடுங்கள். அந்த நிலையில்தான் இழுப்பு குறைவு. வலைக்கடையில் கிடைக்கும் 5 மி.மீ. நைலான் கயிற்றைக் கொக்கியில் வளையமாகக் கோத்து இழுத்தால் இடத்தில் உட்காரும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் கம்பியில் கீறல் விழும், அந்தக் கீறலும் நாளைக்கு ஒரு குழிதான். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் குனியாதீர்கள். பிறகு டிக்கியை மூடி, சுற்றுகள் விரிந்த நிலையில், உள்ளிருந்து கிரீஸ் தடவ வேண்டும். அவுட்போர்டு இன்ஜினுக்குப் படகுக்காரர்கள் போடும் நீர் தாங்கும் கிரீஸ் இதற்கு அருமை. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்ததும் ஒருமுறை, வாடை முடிந்ததும் ஒருமுறை போதும்.

கேஸ் ஸ்ட்ரட் மெத்தென்று தூக்கும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும், அதை மறுக்கவில்லை. கணக்கும் கடினமில்லை. 14 கிலோ மூடி, எடை மையம் கீலிலிருந்து 45 செ.மீ., ஸ்ட்ரட் தள்ளும் கோட்டுக்கும் கீலுக்கும் செங்குத்துத் தூரம் 12 செ.மீ. என்றால், இரண்டு ஸ்ட்ரட்டுக்குத் தலா சுமார் 260 நியூட்டன், கொஞ்சம் கூட்டி 300. ஆனால் தண்டின் குரோமில் உப்பு ஒரு புள்ளி குத்தினால் போதும், கேஸை அடைத்து வைத்திருக்கும் ‘சீல்’ கிழியும், கேஸ் கசியும், திருத்த வழியே இல்லை. எஃகு ஸ்பிரிங் துருவைக் காட்டி எச்சரிக்கும், கிரீஸ் போட்டுக் காப்பாற்றலாம். ஸ்ட்ரட்டில் அந்த வாய்ப்பு இல்லை. போதாக்குறைக்கு, தாங்கி வைக்க மூடியின் தகட்டில் புது ஓட்டை போட வேண்டும். பின்னால் 3 மி.மீ. பட்டை கொடுக்காவிட்டால் தகடு வளையும், ஓட்டையின் ஓரத்தில் துரு தொடங்கும். அப்படியும் மாட்டுவதென்றால் டிக்கி மூடியிருக்கும்போது தண்டு கீழ்நோக்கி இருக்கட்டும், உள்ளிருக்கும் எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டிருக்கும். பழைய ஸ்ட்ரட்டை வெட்டவோ நெருப்பில் போடவோ கூடாது. உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது.

1950, 60களின் அமெரிக்க செடான்களில் இருப்பதுபோல் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில், முறுக்கேறிய விசையால் மூடியைத் தூக்கும் முறுக்குக் கம்பி குறுக்கே ஓடும் வண்டிக்குக் கதை வேறு. அந்த வளைவுகளைப் பதம் கெடாமல் செய்து தரும் பட்டறை கிடைப்பது கஷ்டம். எனவே கம்பியில் குழி இல்லாதவரை தேற்றுவதுதான் நல்லது. முனை உட்காரும் வெட்டுகளில் இன்னொரு வெட்டு மிச்சமிருந்தால், மூடியை முழுக்கத் திறந்து, முனையில் குழாய் செருகி, இருபுறமும் ஒரு வெட்டு மட்டும் தள்ளி மாட்டிப் பாருங்கள். முகத்தைக் கம்பிக்கு நேராக வைக்காதீர்கள், நழுவினால் பல்லை உடைத்துவிடும்.